மாதம் 641 ரூபாய்: கிராமத்துச் சிறுதொழிலுக்குக் கடன் கொடுத்தாச்சு, அப்புறம்?

2025 செப்டம்பர் 26. ஒரே நாளில் பிகாரில் 75 லட்சம் பெண்களுக்குத் தலா 10,000 ரூபாய் வங்கிக் கணக்கில் அனுப்பப்பட்டது. மொத்தம் 7,500 கோடி ரூபாய். 'முக்கியமந்திரி மகிளா ரோஜ்கார் யோஜனா' என்ற அந்தத் திட்டத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார். அடுத்த சில வாரங்களில் அங்கே சட்டமன்றத் தேர்தல். அதனால் விவாதம் முழுக்க, இது நலத்திட்டமா, ஓட்டுக்குப் பணமா என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே போனது.

திட்டத்தின் விதிகளைப் படித்தால் வேறொரு கேள்வி எழுகிறது. இந்தப் பணம் உதவித்தொகை இல்லை, தொழில் தொடங்குவதற்கான முதல். ஆடு, கோழி வளர்ப்பு, தையல், நெசவு, கைவினை, சின்னக் கடை என எதை வேண்டுமானாலும் தொடங்கலாம். தொழில் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு, மேற்கொண்டு 2 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு என்றும் அரசு சொன்னது.

கிராமத்தில் ஒரு சிறுதொழில் தொடங்கி, அது நிலைத்து, ஒரு குடும்பத்தைத் தூக்கிவிட உண்மையில் என்ன தேவை? பிகாரைத் தாண்டி நாடு முழுக்கப் பொருந்தும் கேள்வி இது. இதற்காக இந்தியா பல ஆண்டுகளாகச் செலவு செய்துகொண்டிருக்கிறது. பலன் என்ன?

எண்கள் என்ன சொல்கின்றன?

தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 2019-இல் விவசாயக் குடும்பங்களின் வருமானத்தைக் கணக்கெடுத்தது. 2018 ஜூலை முதல் 2019 ஜூன் வரையிலான ஒரு விவசாய ஆண்டுக்கான கணக்கு அது. சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அது எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

கூலி, சம்பளம்: 4,063 ரூபாய்
பயிர் சாகுபடி: 3,798 ரூபாய்
கால்நடை: 1,582 ரூபாய்
விவசாயம் அல்லாத சொந்தத் தொழில்: 641 ரூபாய்
நிலக் குத்தகை: 134 ரூபாய்

இதில் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. ஒன்று, விவசாயக் குடும்பம் என்று நாம் சொல்கிற வீட்டிலேயே பயிரைவிடக் கூலிதான் அதிகம் சம்பாதித்துக் கொடுக்கிறது. இரண்டாவது, பெட்டிக்கடை, மாவு மில், தையல், டீக்கடை, பஞ்சர் கடை எல்லாம் சேர்ந்து மாதம் 641 ரூபாய்தான்.

2012-13-இல் இதே ஆய்வு நடந்தபோது தொழில் வருமானம் 512 ரூபாயாக இருந்தது. அப்போ மொத்த வருமானம் 6,426 ரூபாய். அதாவது அன்றைக்குத் தொழிலின் பங்கு சுமார் 8 சதவீதம். ஆறு வருடம் கழித்து அது சுமார் 6 சதவீதம். ரூபாயாகப் பார்த்தால் கூடியிருக்கிறது. பங்காகப் பார்த்தால் குறைந்திருக்கிறது. இடையில் 2015-இல் முத்ரா கடன் திட்டம் வந்தது, மகளிர் குழுக்கள் பெருகின, கைபேசி ஊர் ஊராகப் போனது. அத்தனைக்குப் பிறகும் இதுதான் நிலை.

இந்த 641, சொந்தத் தொழிலே இல்லாத குடும்பங்களையும் சேர்த்துப் போட்ட சராசரி. நிலமே இல்லாமல் கடையை மட்டும் நம்பி வாழும் குடும்பங்கள் இந்த ஆய்வில் வரவில்லை. ஆகவே 'கிராமத்துக் கடைக்காரரின் வருமானம் 641' என்று படிக்கக் கூடாது. நிலம் வைத்திருக்கிற வீடுகள் விவசாயத்துக்கு வெளியே தொழிலாகக் கால் ஊன்றியது எவ்வளவு என்றுதான் படிக்க வேண்டும்.

வேலைவாய்ப்புக் கணக்கும் இதே திசையைத்தான் காட்டுகிறது. 2018-19-இல் நாட்டின் தொழிலாளர்களில் 42.5 சதவீதம் பேர் விவசாயத்தில் இருந்தார்கள். 2023-24-இல் அது 46.1 சதவீதம். கிராமத்தில் வேலை பார்க்கும் பெண்களை மட்டும் எடுத்தால், விவசாயத்தில் இருப்பவர்களின் பங்கு 2017-18-இல் 73.2 சதவீதம், 2023-24-இல் 76.9 சதவீதம். வளரும் நாட்டில் மக்கள் விவசாயத்திலிருந்து வெளியே வருவார்கள் என்பது பொருளாதாரப் பாடப் புத்தகத்தின் முதல் அத்தியாயம். இங்கே வண்டி பின்னால் ஓடியிருக்கிறது.

'தொழில்' என்று எதைச் சொல்கிறோம்?

இந்தியாவில் பதிவு செய்யப்பட்ட கம்பெனி அல்லாத, விவசாயம் அல்லாத சிறு நிறுவனங்கள் எத்தனை? நகரம், கிராமம் இரண்டையும் சேர்த்து 2015-16-இல் 6.34 கோடி. அதில் வேலை பார்த்தவர்கள் 11.13 கோடி பேர். 2022-23-இல் நிறுவனங்கள் 6.50 கோடி, ஆட்கள் 10.96 கோடி. பணமதிப்பு நீக்கம், ஜி.எஸ்.டி., கொரோனா என்று மூன்று அடி விழுந்த ஏழு ஆண்டுகளில் கடைகளின் எண்ணிக்கை கொஞ்சம் கூடியது, வேலை குறைந்தது. 2023-24-இல் நிலைமை மேம்பட்டு, 7.34 கோடி நிறுவனங்கள், 12.06 கோடி ஆட்கள் என்று ஆனது.

12.06-ஐ 7.34-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு நிறுவனத்துக்கு 1.64 ஆள். முதலாளி, தொழிலாளி, கணக்காளர், டெலிவரி பாய் எல்லாமே ஒரே ஆள், கூடமாட உதவ வீட்டில் இன்னொருவர். 2015-16 ஆய்வில் 84 சதவீத நிறுவனங்களில் சம்பளத்துக்கு ஒரு ஆள்கூட நிரந்தரமாக இல்லை.

கொள்கை வகுப்பவர்கள் கண்ணுக்கு இவர்கள் எப்படித் தெரிகிறார்கள்? 2025 ஏப்ரல் 1 முதல் 'குறுந்தொழில்' என்பதற்கான வரம்பு, 2.5 கோடி ரூபாய் வரை முதலீடு, 10 கோடி ரூபாய் வரை ஆண்டு விற்றுமுதல். அதாவது வீட்டுத் திண்ணையில் இட்லி சுட்டு விற்கும் அக்காவும், 9 கோடிக்கு விற்பனை செய்யும் பாகத் தொழிற்சாலையும் ஒரே பெட்டிக்குள். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும், அதில் 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களிடம் என்று விதி இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டுக்குப் போட்டி போட வருவது யார் என்பதை யோசித்துப் பார்க்கலாம்.

பொருளாதார ஆய்வாளர்கள் இன்னொரு பிரிவினையும் சொல்வார்கள். ஒரு வாய்ப்பைப் பார்த்துத் தொழில் தொடங்குபவர் ஒரு வகை. வேறு வேலை கிடைக்காததால் தொழில் தொடங்குபவர் இன்னொரு வகை. 'கடை வைத்திருக்கிறேன்' என்பது கிராமத்தில் பல சமயம் 'வேலை கிடைக்கவில்லை' என்பதன் மரியாதையான வடிவம். இரண்டு பேருக்கும் ஒரே மருந்து வேலை செய்யாது.

அரசு என்னென்ன செய்கிறது?

திட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை.

தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் 2011-இல் தொடங்கியது. இன்று சுமார் 10 கோடிக் குடும்பங்களின் பெண்கள் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட சுய உதவிக் குழுக்களில் இருக்கிறார்கள். உலகின் மிகப்பெரிய பெண்கள் வலைப்பின்னல்களில் ஒன்று இது. வாங்கிய வங்கிக் கடனை இவர்கள் ஒழுங்காகத் திருப்பிக் கட்டுகிறார்கள் என்பதும் பதிவான உண்மை.

முத்ரா கடன், 2015 ஏப்ரலில் வந்தது. பத்து வருடத்தில் 52 கோடிக் கடன்கள், 32 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். கடன் வாங்கியவர்களில் 68 சதவீதம் பெண்கள்.

உணவுப் பதப்படுத்தும் குறு நிறுவனங்களுக்கான பி.எம்.எஃப்.எம்.இ. திட்டம் 2020-இல் வந்தது. ஊறுகாய், அப்பளம், செக்கு எண்ணெய் மாதிரி யூனிட்டுகளுக்கு 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம். குழு உறுப்பினருக்குத் தலா 40,000 ரூபாய் தொடக்க முதல்.

பி.எம். விஸ்வகர்மா 2023 செப்டம்பரில் வந்தது. தச்சர், கொல்லர், குயவர், தையல்காரர் என 18 தொழில்கள். 5 சதவீத வட்டியில் முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம் கடன். கருவி வாங்க 15,000 ரூபாய்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அடிப்படையில் எல்லாமே பணம் கொடுக்கும் திட்டங்கள். கடனாகவோ மானியமாகவோ. பணம்தான் தடை, அது கிடைத்துவிட்டால் தொழில் தானாக வளரும் என்ற நம்பிக்கை இதற்குள் இருக்கிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி?

கடன் மட்டும் போதுமா?

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் நம் நாட்டிலேயே நடந்திருக்கின்றன. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து ஹைதராபாத்தில் ஒரு சோதனை செய்தார்கள். 104 ஏழைக் குடியிருப்புப் பகுதிகளில் குலுக்கல் முறையில் பாதியைத் தேர்ந்தெடுத்து, அங்கே முதலில் நுண்கடன் நிறுவனம் கிளை திறந்தது. மீதிப் பாதி காத்திருந்தது. பிறகு இரண்டையும் ஒப்பிட்டார்கள்.

கடன் வந்த பகுதிகளில் ஏற்கெனவே தொழில் செய்தவர்கள் கூடுதலாக முதலீடு செய்தார்கள். ஆனால் குடும்பச் செலவு செய்யும் அளவு பெரிதாக உயரவில்லை. கடன் கிடைக்கிறதே என்று புதிதாகத் தொடங்கிய தொழில்கள் சின்னதாகவும் லாபம் குறைவாகவும் இருந்தன. பல ஆண்டுகள் கழித்து மறுபடி போய்ப் பார்த்தபோது, கடன் வருவதற்கு முன்பே தொழிலில் இருந்தவர்கள்தான் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். இது நகரத்தில் நடந்த ஆய்வு, கிராமத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் 'கடன் கொடுத்தால் எல்லோரும் தொழில்முனைவோர்' என்ற எண்ணத்துக்கு இது ஒரு பிரேக்.

இன்னொரு ஆய்வு கொல்கத்தாவில். எரிகா ஃபீல்ட், ரோகிணி பாண்டே உள்ளிட்டோர் செய்தது. வழக்கமாக நுண்கடன் வாங்கிய இரண்டு வாரத்தில் முதல் தவணை கட்ட வேண்டும். சிலருக்கு மட்டும் அதை இரண்டு மாதமாகத் தள்ளி வைத்தார்கள். வேறெதையும் மாற்றவில்லை. மூன்று வருடம் போல் கழித்துப் பார்த்தால், அவகாசம் கிடைத்தவர்கள் தொழிலில் அதிகம் முதலீடு செய்திருந்தார்கள், லாபமும் அதிகம். ஆனால் கடனைக் கட்டாமல் விட்டவர்களும் அவர்களில்தான் அதிகம்.

ஏன் அப்படி? ஒரு உதாரணக் கணக்கு. 50,000 ரூபாய் கடன், 24 சதவீத வட்டி, இரண்டு வருடம். மாதம் ஏறக்குறைய 2,640 ரூபாய் டியூ. முதல் மாதமே கட்ட வேண்டும் என்றால் அந்தப் பணத்தை என்ன செய்வீர்கள்? நாளைக்கே பணமாக மாறும் ஒன்றில்தான் போடுவீர்கள். காய்கறி வாங்கி விற்பது, சேலை வாங்கி விற்பது. மெஷின் வாங்கி, பழகி, ஆர்டர் பிடித்து, மூன்றாம் மாதம் காசு பார்க்கும் வேலையில் கை வைக்க மாட்டீர்கள். கிராமத்தில் எல்லோரும் ஏன் ஒரே மாதிரி பெட்டிக்கடை வைக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதிலில் ஒரு பகுதி இந்த டியூ தேதியில் இருக்கிறது.

மூன்றாவது விஷயம், கடன் யார் பேரில், தொழில் யார் கையில்? இந்தியா, இலங்கை, கானா ஆகிய நாடுகளின் தரவை வைத்துச் செய்த ஒரு ஆய்வு, பெண்கள் பேரில் கொடுத்த பணம் பலன் தரவில்லை என்று தோன்றுவதற்கு ஒரு காரணத்தைக் கண்டது. பல வீடுகளில் அந்தப் பணம் கணவரின் தொழிலுக்குப் போய்விடுகிறது. வீட்டில் தொழில் செய்யும் ஒரே ஆள் பெண்தான் என்றால், அவர் ஈட்டும் பலன் ஆணைவிடக் குறைவாக இல்லை. அதாவது பெண்களுக்குத் தொழில் தெரியவில்லை என்பதல்ல பிரச்னை. குடும்பம் தன் பணத்தை எங்கே போடுவது என்று எடுக்கும் முடிவு அது. ஆனால் திட்டத்தின் கணக்கில் அது 'பெண் தொழில்முனைவோர்' என்றுதான் பதிவாகும்.

சரி, யார் வாங்குவார்கள்?

பிகாருக்கே திரும்புவோம். அங்கே 8,000-க்கும் மேற்பட்ட கிராமப் பஞ்சாயத்துகள். முதல் நாள் பணம் பெற்ற 75 லட்சம் பேரில் பெரும்பகுதி கிராமப் பெண்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு பஞ்சாயத்துக்கு ஏறக்குறைய 900 பேர். அதில் 100 பேர் தையல் மெஷின் வாங்கினால்? சட் பூஜைக்கும் கல்யாண சீசனுக்கும் வேலை இருக்கும். மீதி மாதங்களில் நூறு பேரும் ஒருவருக்கொருவர் போட்டியாகி, பிளவுஸ் தைக்கும் கூலியைக் குறைத்துக்கொண்டே போவார்கள். புதுக் கடை பிழைத்தால் பழைய கடை படுக்கும்.

கிராமத்தில் ஒரு தொழிலுக்கான சந்தை என்பது அந்த ஊர்க்காரர்களின் கையிலுள்ள காசுதான். விளைச்சல் இல்லாத வருடம், கூலி உயராத வருடம் என்றால் கடைக்கும் வியாபாரம் இல்லை. ஆக, விவசாயம் அல்லாத தொழிலை வளர்க்க விவசாய வருமானமும் கூலியும் உயர வேண்டும். இல்லையென்றால் பொருள் ஊரைத் தாண்டி வெளியே போக வேண்டும்.

இதற்கு மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது, அரசே வாடிக்கையாளராக மாறுவது. பிகாரில் ஜீவிகா அமைப்பின் பெண்கள் நடத்தும் 'தீதி கி ரசோய்' அதற்கு நல்ல உதாரணம். அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கான சாப்பாட்டை அவர்கள் சமைக்கிறார்கள், கூட வருபவர்களுக்கும் விற்கிறார்கள். தினமும் எத்தனை சாப்பாடு என்று முன்பே தெரியும். காசு எங்கிருந்து வரும் என்றும் தெரியும். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் மகளிர் குழுப் பெண்கள் சமைப்பதும் இந்த வழிதான்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அரசு பில்லைத் தாமதமாக்கினால் கைமுதல் இல்லாத குழு முதல் மாதமே திணறும். மளிகைக் கடைக்காரர் எத்தனை நாள் கடன் சொல்வார்? பெரிய கம்பெனிகளுக்கும் இது பொருந்தும். குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கிய சரக்குக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள். இல்லாவிட்டால், பணம் கொடுக்கும் வரை அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியாது என்ற விதி 2023-24 நிதியாண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது உத்யம் பதிவு உள்ள உற்பத்தி, சேவை நிறுவனங்களுக்குத்தான். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இல்லை. கிராமத்துத் தொழில்களில் பெரும் கூட்டம் எங்கே இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

கூடவே நிற்கும் ஒரு ஆள்

பணத்தைத் தாண்டி வேறு முறையில் முயன்ற திட்டங்களும் உண்டு. அதிகம் பேசப்படாத ஒன்று, தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வரும் 'ஸ்டார்ட்-அப் கிராமத் தொழில்முனைவுத் திட்டம்'. சுருக்கமாக எஸ்.வி.இ.பி.

இதன் வேலை முறை எளிமையானது. ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்து, நான்கு வருடம் அங்கேயே உழைப்பது. உள்ளூர் ஆட்களையே தொழில் ஆலோசகர்களாகப் பயிற்சி கொடுத்து உருவாக்குவது. அந்த ஆலோசகர் தொழில் தொடங்க விரும்புபவரோடு உட்கார்ந்து, இந்த ஊரில் இது விற்குமா, மாசம் எவ்வளவு செலவு, எத்தனை விற்றால் கையைக் கடிக்காது என்று கணக்குப் போடுவார். தொடங்கிய பிறகும் மாதாமாதம் வந்து கணக்கு நோட்டைப் பார்ப்பார். கேரளாவின் குடும்பஸ்ரீ அமைப்பு தன் குறுந்தொழில் ஆலோசகர்களை வைத்துப் பழகிய முறை இது. பல மாநிலங்களில் இந்தத் திட்டத்துக்கு வழிகாட்டியதும் குடும்பஸ்ரீதான்.

2019 செப்டம்பரில் இந்தியத் தரக் கவுன்சில் இதை மதிப்பீடு செய்தது. தொழில்முனைவோரில் 82 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்டோர். 75 சதவீதத் தொழில்கள் பெண்கள் கையில். குடும்ப வருமானத்தில் சராசரியாக 57 சதவீதம் இந்தத் தொழிலிலிருந்தே வந்தது. முதலில் பார்த்த 6 சதவீதத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு குடும்பங்களைப் பற்றிய கணக்கு, நேராக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் துணைக்கு ஆள் இருந்தால் ஒரு சிறுதொழில் ஒரு வீட்டுக்கு என்னவாக முடியும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

அப்படியென்றால் இதை எல்லா இடத்திலும் செய்ய வேண்டியதுதானே? 2020 ஆகஸ்ட் நிலவரப்படி இந்தத் திட்டம் 23 மாநிலங்களில் 153 வட்டாரங்களில் இருந்தது. சுமார் ஒரு லட்சம் தொழில்களுக்கு உதவியிருந்தது. பிறகு வட்டாரங்கள் கூடின. ஆனால் நாட்டில் 7,000-க்கும் மேற்பட்ட வட்டாரங்கள் இருக்கின்றன. ஒரு பட்டனைத் தட்டினால் 75 லட்சம் பேருக்குப் பணம் போகும். கணக்கு நோட்டு பார்க்கும் ஆளை அப்படி அனுப்ப முடியாது. தேர்தல் மேடையில் சொல்வதற்கும் அது எடுப்பாக இருக்காது.

தமிழ்நாடு என்ன செய்தது?

சுய உதவிக் குழு என்ற யோசனை தமிழ்நாட்டில் பழையது. 1989-இல் தருமபுரியில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் திட்டத்துக்கு வித்திடப்பட்டது. நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத்தைத் தொடங்கியதே 1992-இல்தான்.

உலக வங்கி 2017-இல் கடன் ஒப்புதல் கொடுத்த 'வாழ்ந்து காட்டுவோம்' திட்டம் அடுத்த கட்டத்தை முயன்றது. 120 வட்டாரங்களில் 3,994 ஊராட்சிகள். இதில் சுவாரசியமானது இணை மானியத் திட்டம். தொழில் நடத்துபவர் வங்கிக் கடனில் 70 சதவீதத்தை ஒழுங்காகக் கட்டினால், மீதி 30 சதவீதத்தைத் திட்டம் மானியமாகக் கட்டிவிடும். வழக்கமான மானியம் தொடக்கத்திலேயே வரும், சில சமயம் மானியத்துக்காகவே தொழில் தொடங்கப்படும். இங்கே தொழில் ஓடினால்தான் மானியம். கூடவே திட்டம் எழுதுவது முதல் பதிவு, சான்றிதழ் வரை உதவ 'மதி சிறகுகள்' தொழில் மையங்கள்.

விஸ்வகர்மா திட்டத்தில் தமிழ்நாடு எடுத்த நிலைப்பாட்டையும் இங்கே பார்க்க வேண்டும். குடும்பத் தொழிலாகச் செய்து வருபவர்கள் என்ற நிபந்தனை, 18 வயதிலேயே சேரலாம் என்ற விதி, இரண்டும் சேர்ந்து இளைஞர்களைச் சாதித் தொழிலுக்குள்ளேயே தள்ளும் என்று மாநில அரசு 2024 நவம்பரில் சொன்னது. இப்போதைய வடிவில் அதைச் செயல்படுத்த மாட்டோம் என்றும் மறுத்தது. பிறகு 2025 ஏப்ரலில் 'கலைஞர் கைவினைத் திட்டம்' வந்தது. 25 தொழில்கள், 35 வயதுக்கு மேல், 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம் அதிகபட்சம் 50,000 ரூபாய், குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லை.

இதில் அரசியல் இருக்கிறது, சரிதான். ஆனால் அடியில் ஒரு அசலான கேள்வியும் இருக்கிறது. கிராமத்துத் தொழிலை ஆதரிப்பது என்றால், இருக்கும் தொழிலில் இருப்பவரை நல்லபடியாக வாழவைப்பதா, அதிலிருந்து வெளியேற அடுத்த தலைமுறைக்கு வழி கொடுப்பதா? 40 வயது குயவருக்குச் சக்கரம் வாங்கிக் கொடுப்பதும், அவருடைய 18 வயது மகளைக் கல்லூரிக்கு அனுப்புவதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. ஆனால் ஒரே படிவத்தில் இரண்டையும் போட முடியாது.

லட்சாதிபதி கணக்கு

இப்போது மத்திய அரசின் பெரிய இலக்கு 'லக்பதி தீதி'. 2023 சுதந்திர தின உரையில் 2 கோடிப் பெண்கள் என்று அறிவிக்கப்பட்டு, 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் 3 கோடியாக உயர்த்தப்பட்டது. குழுவில் உள்ள பெண்ணின் குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டி, நிலையாக இருந்தால் அவர் லட்சாதிபதி.

பெயரில் ஒரு கம்பீரம் இருக்கிறது. கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக்கு ஒரு லட்சம் என்றால் மாதம் 8,333 ரூபாய். அதுவும் அந்தப் பெண்ணின் தொழில் வருமானம் மட்டுமல்ல, மொத்தக் குடும்ப வருமானம். 2018-19-லேயே சராசரி விவசாயக் குடும்பத்தின் வருமானம் மாதம் 10,218 ரூபாய், ஆண்டுக்கு 1.23 லட்சம். நபார்டின் 2021-22 ஆய்வில் கிராமக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 12,698 ரூபாய், ஆண்டுக்கு 1.52 லட்சம். அதாவது நாட்டின் சராசரிக் கிராமக் குடும்பம் ஏற்கெனவே 'லட்சாதிபதி'தான்.

சராசரிக்குக் கீழே கோடிக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களுக்கு இந்தக் கோட்டைத் தாண்டுவது பெரிய விஷயம். அதை மறுக்க முடியாது. ஆனால் ஒரு திட்டம் வெற்றியா என்று அளக்க இந்தக் கோல் போதாது. யார் எந்த இடத்திலிருந்து புறப்பட்டு இந்த ஒரு லட்சத்துக்கு வந்தார், அதில் தொழிலால் வந்தது எவ்வளவு, விலைவாசி உயர்ந்ததால் வந்தது எவ்வளவு என்று அது சொல்வதில்லை.

தொழில் மூலமே 8,333 ரூபாய் சம்பாதிக்க வேண்டும் என்றால்? எஸ்.வி.இ.பி. மதிப்பீட்டில் வியாபாரக் கடைகளின் சராசரி மாத விற்பனை 36,000 ரூபாய். செலவெல்லாம் போக 12 சதவீதம் நிற்கும் என்று வைத்துக்கொண்டால், கையில் 4,320. மாதம் 8,333 நிற்க வேண்டுமானால் 69,000 ரூபாய்க்கு மேல் விற்க வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்தத் தூரத்தைக் கடக்கத்தான் இரண்டாவது, பெரிய கடனும், புதுச் சந்தையும், கணக்கு தெரிந்த ஆலோசகரும் தேவை. 50,000 ரூபாய்க் கடனைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு 3 லட்சம் தர வங்கி தயங்கும் இடத்தில்தான் பெரும்பாலான தொழில்கள் நின்றுவிடுகின்றன.

இனி என்ன கேட்க வேண்டும்?

அடுத்த முறை ஒரு திட்டத்தின் விளம்பரம் உங்கள் டைம்லைனில் வரும்போது, எத்தனை பேருக்கு எத்தனை கோடி என்ற எண் முதலில் வரும். அதற்குப் பக்கத்தில் வேறு நான்கு எண்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

போன வருடம் பணம் வாங்கித் தொடங்கிய தொழில்களில் இன்றைக்கு எத்தனை ஓடுகின்றன? அவற்றில் எத்தனை, வெளியாள் ஒருவருக்காவது சம்பளம் கொடுக்கின்றன? முதல் கடனை முடித்தவர்களில் எத்தனை பேருக்கு அதைவிடப் பெரிய இரண்டாவது கடன் கிடைத்தது? அந்தத் தொழில் உண்மையில் பெண்ணின் கையில்தான் இருக்கிறதா?

இந்தக் கணக்கை எடுப்பது பெரிய வித்தை இல்லை. 90 லட்சம் குழுக்களும் வாராவாரம், மாதாமாதம் கூடி நோட்டில் எழுதுகின்றன. யார் எவ்வளவு கட்டினார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று அதில் இருக்கிறது. யாருடைய தொழில் என்ன ஆனது என்ற ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேர்த்தால் போதும்.

பிகார் அரசுக்கும் இது பொருந்தும். 10,000 ரூபாய் கொடுத்த பிறகு, தொழிலை மதிப்பிட்டு 2 லட்சம் வரை தருவோம் என்று சொல்லியிருக்கிறது. அந்த மதிப்பீட்டை யார் செய்வார், எதை வைத்துச் செய்வார், எத்தனை பேர் தேறினார்கள் என்பதை வெளியிடுமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெளியிட்டால், தேர்தல் நேரத்தில் கொடுத்த பணம் என்ற பெயரை மீறி, கிராமத்துப் பெண் தொழில் செய்ய என்ன தேவை என்பதற்கு நாட்டின் மிகப்பெரிய பாடமாக அது மாறும். வெளியிடாவிட்டால், அடுத்த மாநிலத்தின் அடுத்த தேர்தலில் இன்னும் பெரிய தொகையோடு இதே திட்டம் வரும். நாமும் இதே கேள்வியை மறுபடி கேட்டுக்கொண்டிருப்போம்.